அப்பாயி 80 குழு: மூன்று கோடா, நான்கு கோடா?

மீனா: சனிக்கிழமை விருந்துக்கு இடம் பார்க்க பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்கு வந்திருக்கிறேன். மேசையில் மூன்று விதமான ஈக்கள் உட்கார்ந்திருக்கின்றன; படங்களைப் பாருங்கள். சாப்பாட்டை இங்கே வைக்கலாமா?

ராஜம் அத்தை: எல்லாம் வீட்டு ஈதான். மூடி வைத்தால் போதும்.

கதிர் பெரியப்பா: ராஜம், அவசரப்படாதே. முதல் படத்தில் இருப்பதுதான் வீட்டு ஈ. தலைக்குப் பின்னாலுள்ள முதுகில் நான்கு கருங்கோடுகள் நீளவாக்கில் ஓடுகின்றன. இரண்டாவதற்கு மூன்றே கோடுகள். வயிறும் சதுரங்கப் பலகைபோல் கட்டம் கட்டமாக இருப்பதால் அது இறைச்சி ஈ. வீட்டு ஈ முட்டையிடும்; இதுவோ பெரும்பாலும் முட்டையிடாமல், உயிருள்ள புழுக்களையே நேராக இறைச்சியின்மேல் விட்டுவிடும்.

வாணி சித்தி: ஐயோ! அப்படியானால் ஆட்டிறைச்சிப் பிரட்டல் வேண்டாம்.

செல்வம்: பெரியப்பா, போன தீபாவளிக்கு அத்தை வீட்டுப் பாயசத்தில் மிதந்ததற்கு எத்தனை கோடு?

ராஜம் அத்தை: அது ஏலக்காய் என்று அன்றைக்கே சொன்னேன்.

கதிர் பெரியப்பா: பாயசத்தில் ஊறியபின் கோடு தெரியாது. மூன்றாவது, பச்சையும் நீலமுமாக மின்னுகிற கிரைசோமியா மெகாசெபாலா. லூசிலியா என்னும் ஈயும் இப்படியே மின்னும் என்றாலும், இதன் கண்கள் மிகப் பெரியவை. அவை உச்சியில் ஒட்டியிருப்பதால் இது ஆண். மெகாசெபாலா என்றால் பெருந்தலை என்று பொருள்.

செல்வம்: நம் குடும்பத்திலும் ஒரு பெருந்தலை உண்டு.

மீனா: இரண்டாவதன் முழு அறிவியல் பெயர் என்ன, பெரியப்பா? பாப்பாவின் பள்ளிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

கதிர் பெரியப்பா: சார்க்கோபாகிடே குடும்பம் என்று மட்டும் எழுதச் சொல். அந்தக் குடும்பத்து ஈக்கள் ஒன்றைப்போலவே மற்றொன்று இருப்பதால், இனம் பிரிக்க ஆண் ஈயின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும்.

ராஜம் அத்தை: அண்ணே, குழுவில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மீனா: இடத்தை உறுதி செய்யவா, வேண்டாமா?

ராஜம் அத்தை: என்னிடம் வலைமூடி இரண்டு இருக்கின்றன.

வாணி சித்தி: சாம்பார் சாதம் போதாதா?

செல்வம்: அப்பாயி பிரட்டல்தான் கேட்டார்கள்.

கதிர் பெரியப்பா: மீனா, இரண்டாவது ஈ பறந்துவிடுவதற்குள் நேர் மேலிருந்து இன்னொரு படம் எடுத்து அனுப்பு. ஓரத்தில் நிழல் விழுந்திருக்கிறது. அங்கே நான்காவது கோடு ஒன்று ஒளிந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.