‘பீச் ரீட்’ நாவலின் ஜனவரியும் கஸ்ஸும் உண்மையிலேயே எதிரெதிர் துருவங்களா?

தாழ்வாரம்:
எமிலி ஹென்றி எழுதி 2020-இல் வெளியான ‘பீச் ரீட்’ நாவலை, எதிரெதிர் துருவங்கள் ஈர்த்துக்கொள்ளும் காதல் கதை என்றே பலரும் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அந்த அடையாளமே பொருந்தவில்லை. ஜனவரி ஆண்ட்ரூஸ் காதல் நாவல்கள் எழுதுபவள், கஸ் எனப்படும் அகஸ்டஸ் எவரெட் இருண்ட இலக்கியப் புனைவு எழுதுபவன், வேற்றுமை அவ்வளவுதான். இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், மிச்சிகன் ஏரிக்கரையில் அடுத்தடுத்த வீடுகளில் எழுத்து ஓடாமல் தவிப்பவர்கள், வாய்ப்பேச்சில் ஒருவருக்கொருவர் சளைக்காதவர்கள். அவர்களுடைய நூல்கள் புத்தகக் கடையில் வேறு வேறு அலமாரிகளில் நிற்பதாலேயே துருவங்கள் ஆகிவிடுவார்களா?

நீலாம்பல்:
தாழ்வாரம் அவர்களே, நீங்கள் தொழிலைப் பார்த்தீர்கள், நம்பிக்கையைப் பார்க்கவில்லை. பெற்றோரின் மணவாழ்க்கையைக் கண்ணாரக் கண்டு வளர்ந்ததனால்தான் ஜனவரி இனிய முடிவுகளை நம்பினாள். தாய் புற்றுநோயோடு போராடியபோதும் அந்த நம்பிக்கை அசையவில்லை. தந்தையின் இறுதிச் சடங்கில் அவருடைய இரகசியக் காதலியான சோன்யா வந்து ஒரு கடிதத்தையும் ஏரிக்கரை வீட்டின் சாவியையும் கையில் கொடுக்கும் கணத்தில் அது மொத்தமாகச் சரிகிறது. கஸ்ஸின் கதை வேறு. கொடுமைக்காரத் தந்தையிடம் வளர்ந்து, பின்னர் மனைவியாலும் கைவிடப்பட்ட அவனுக்கு, சரிவதற்கு அப்படியொரு நம்பிக்கை தொடக்கத்திலிருந்தே இல்லை. வைத்திருந்ததைப் பறிகொடுத்தவளின் துயரமும், எதுவும் வாய்க்காதவனின் எச்சரிக்கையும் ஒன்றாகுமா? ஒருவர் வகைமையில் மற்றவர் எழுதுவது என்று அவர்கள் கட்டும் பந்தயம் இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது: ஒரு கொடிய வழிபாட்டுக் குழுவிலிருந்து தப்பிப் பிழைத்தவர்களைச் சந்திக்க அவன் அவளை அழைத்துச் செல்கிறான், காதல் படங்களில் வரும் காட்சிகளைப் போன்ற உலாக்களுக்கு அவள் அவனை இழுத்துச் செல்கிறாள். எழுத்துப் பயிற்சி என்ற பெயரில் ஒருவர் அச்சத்துக்குள் மற்றவர் நுழைந்து பார்க்கிறார்.

கூழாங்கல்:
பந்தயம் நல்ல கற்பனை என்பதை ஏற்கிறேன். ஆயினும் கதை முழுவதும் ஜனவரியின் தன்மைக் கூற்றில் நகர்வதால், கஸ்ஸின் காயங்களை அவள் கேட்டறிந்த அளவுக்கே நாமும் அறிகிறோம். இரு துருவங்களின் கதை என்றால் இருவரின் குரலும் வேண்டாமா? முன்னாள் மனைவி நவோமி திரும்பி வந்ததும் எழும் சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். கஸ்ஸின் மனம் நமக்கு மறைக்கப்பட்டிருப்பதால் மட்டுமே அது சிக்கலாக நிற்கிறது.

நீலாம்பல்:
நவோமி பகுதி அவசரத்தில் எழுதப்பட்டது. அதற்காக வாதாட மாட்டேன். ஒற்றைக் குரல் குறையன்று. தந்தையை முழுமையாக அறிந்ததாக எண்ணி ஏமாந்த ஒருத்தி, தன் எண்ணங்களை எளிதில் காட்டாத ஓர் ஆணை மறுபடியும் நம்பலாமா என்பதே நாவலின் கேள்வி. கஸ்ஸுக்குத் தனி அத்தியாயங்கள் கொடுத்திருந்தால், அவள் அஞ்சுகிற இடத்தில் நாம் விடை தெரிந்தவர்களாக வசதியாக உட்கார்ந்திருப்போம்.

தாழ்வாரம்:
அந்த விளக்கம் சரியே. நம்பிக்கை அளவில் அவர்கள் எதிரெதிரானவர்கள் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாவலின் ஆழம் என்று நீங்கள் போற்றும் தந்தையின் கதைக்கே வருகிறேன். அவர் எழுதிவைத்த கடிதங்கள் வழியாகத்தான் ஜனவரியின் மனம் இளகுகிறது. இறந்தவர் தம் தரப்பை நிதானமாக எழுதிவைக்கிறார், எதிர்க்கேள்வி கேட்க ஆளில்லை. கணவரின் துரோகத்தைப் பற்றிப் பேசவே மறுக்கும் தாய்க்கு நாவல் ஒதுக்கும் இடமோ மிகச் சிறிது. கஸ்ஸிடம் நேருக்கு நேர் உண்மையைக் கேட்டுப் பெறுபவள், தந்தையை மட்டும் இவ்வளவு எளிதாக விட்டுவிடுவதை என்னால் நம்ப முடியவில்லை.

நீலாம்பல்:
எளிதாக என்கிறீர்கள், சோன்யா கொடுத்த கடிதத்தையே அவள் எவ்வளவு காலம் பிரிக்காமல் வைத்திருந்தாள் என்பதை மறந்துவிட்டீர்கள். தாயைப் பற்றிய உங்கள் குறைக்கு மட்டும் என்னிடம் மறுப்பு இல்லை.