ரத்தப் புற்றுநோயோடு வந்த புண், அதற்கு வைத்த லேசர்: உங்கள் அனுபவம் என்ன?

தண்டையார்பேட்டை மகள்:
அம்மாவுக்கு ஏ.எம்.எல். வகை ரத்தப் புற்றுநோய். கீமோ போய்க்கொண்டிருந்தபோது முழங்காலுக்குக் கீழே கொசு கடித்த மாதிரி ஒரு சிவப்பு. அது கொப்புளமாகி உடைந்து, ஓரமெல்லாம் கருநீலமாகிப் பெரிய புண்ணாகிவிட்டது. வலி சொல்லி மாளாது. ஃபேன் காற்று பட்டாலே காலை இழுத்துக்கொள்வார். எம்.சி. ரோட்டில் வாங்கிய மெல்லிய காட்டன் நைட்டியின் ஓரம் உரசினால்கூட அலறுவார்.

வீட்டுப் பக்கத்து கிளினிக் ஒன்றில் அழுகின சதை என்று சுரண்டி எடுத்தார்கள். புண் இன்னும் அகலமானது. அது பயோடெர்மா கேங்கரினோசம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறித் தோலைத் தாக்குவதால் வரும் புண். சுரண்டினால், கீறினால் பெரிதாகும் ரகம். பெயரில் கேங்கரின் இருக்கிறதே தவிர இது அந்த அழுகலும் இல்லை, தொற்றும் இல்லை.

ரத்தநோய் டாக்டர் எடுத்ததுமே லேசர் என்று சொல்லவில்லை. பிளேட்லெட் ஏற்றிவிட்டு, புண் ஓரத்தில் துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார். லுக்கேமியா செல்களே, அதாவது ரத்தப் புற்றுநோய் செல்களே, தோலில் வந்து உட்கார்ந்திருந்தால் அதற்குக் கீமோதான், அதன்மேல் ஒளி வைக்க மாட்டோம் என்றார். அப்படி இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான் ஸ்டீராய்டும், கூடவே லோ லெவல் லேசரும், அதாவது தோலைச் சுடாத குறைந்த சக்தி லேசர்.

எங்கள் இருவருக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, பேனா மாதிரி ஒன்றைப் புண்ணில் படாமல் பிடித்தார்கள். சிவப்பு வெளிச்சம், அவ்வளவுதான். சூடு இல்லை. "இன்னாடி, டார்ச் அடிச்சிட்டுப் போறாங்க?" என்று அம்மாவுக்கு ஒரே ஏமாற்றம். ஆனால் முதலில் குறைந்தது வலிதான். ராத்திரியில் தூங்க ஆரம்பித்தார். புண் மூட மாதக்கணக்கானது. இதில் ஸ்டீராய்டின் பங்கு எவ்வளவு, லேசரின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

வியாசர்பாடி அப்பா:
என் பையனுக்கு ஏ.எல்.எல்., அது இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய். தோலில் ஒன்றும் இல்லை, கீமோவால் வாயெல்லாம் புண். எச்சில்கூட முழுங்க மாட்டான். அவனுக்கும் இதே சிவப்பு லேசர்தான், கன்னத்தின் உள்பக்கம், உதடு, நாக்கு ஓரம் என்று ஒவ்வோர் இடமாக வைத்தார்கள். அப்புறம் ஆறின ரசம் சாதம் இறங்கியது. எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் போகிறவர்களுக்கு வாய்ப்புண் வராமல் தடுக்கவே இதை வைக்கச் சொல்லி 2020இல் சர்வதேச வழிகாட்டுதலே வந்திருக்கிறது. கீமோ தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பெரம்பூர் வாசகர்:
இது புது வித்தையும் இல்லை. 1960களில் ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் எலிக்கு மயிரை மழித்து லேசர் காட்டினார். மயிர் சீக்கிரம் வளர்ந்தது. அதைப் பார்த்துத்தான் புண் பக்கம் போனார்.

ராயபுரம் அண்ணி:
எங்கள் மாமாவுக்கு லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய், கையில் வலிக்கிற தடிப்பு. மெயின் ரோடு பியூட்டி கிளினிக்கிலும் லேசர் இருக்கிறதே, அங்கே போகலாமா?

தண்டையார்பேட்டை மகள்:
வேண்டாம் அண்ணி. அது முடி எடுக்க, மச்சத்தைச் சுட வைத்திருக்கிற மெஷின், தோலைச் சுடும். லிம்போமாவே தோலில் தடிப்பாக வருவதும் உண்டு. முதலில் அவருக்குக் கீமோ தருகிற டாக்டரிடம் கையைக் காட்டி, பயாப்சி வேண்டுமா என்று கேளுங்கள். காய்ச்சலும் சேர்ந்து இருந்தால் இன்றைக்கே கூட்டிப் போங்கள்.