எச்-4 நீட்டிப்பும் ஈஏடியும் கிடப்பில்: செப்டம்பர் 30க்கு முன் என்ன செய்யலாம்?

வைகைக்கரை, ஜூன் 8, 2021

வணக்கம். கணவர் அமெரிக்காவில் எச்-1பி (வேலை விசா), ஐ-140 (நிறுவனம் போட்ட பச்சை அட்டை மனு) ஒப்புதலாகிவிட்டது. அவருடைய நீட்டிப்பை நிறுவனம் பிரீமியத்தில் (கூடுதல் கட்டணத் துரித வழி) போட்டதால் மே மாதமே ஐ-797 (ஒப்புதல் கடிதம்) வந்துவிட்டது. 2024 செப்டம்பர் 30 வரை. நான் எச்-4 (எச்-1பி ஊழியரின் துணைக்கான தகுதி). என் ஐ-94 (எதுவரை தங்கலாம் என்ற பதிவு), ஈஏடி அட்டை (வேலை அனுமதி), பாஸ்போர்ட்டில் உள்ள விசா மூன்றுமே 2021 செப்டம்பர் 30இல் முடிகின்றன. எச்-4 நீட்டிப்புக்கான ஐ-539, ஈஏடிக்கான ஐ-765 இரண்டும் ஏப்ரலில் ஒரே உறையில் போயின (370 + 85 + 410 டாலர், தனித்தனி காசோலைகள்). ரசீதுகள் வந்தன. பயோமெட்ரிக்ஸ் (கைரேகைப் பதிவு) கடிதம் இன்னும் வரவில்லை.

கேட்க வேண்டியவை: செப்டம்பர் 30 தாண்டினால் நான் இங்கே இருக்கலாமா? வேலைக்குப் போகலாமா? ஓட்டுநர் உரிமத்துக்கு என்ன வழி? இடையில் இந்தியா போய் ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் புதிய விசா வாங்குவது) முடித்துவிட்டு வருவது நல்லதா? மகன் இங்கே பிறந்தவன், நான்கு வயது.

தாள்கட்டு, ஜூன் 8, 2021

முதலில் இருப்பதையும் வேலை செய்வதையும் பிரித்துப் பாருங்கள். பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இருப்பது: ஐ-94 முடியும் முன்பே ஐ-539 போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால் அது நிலுவையில் இருக்கும்வரை நீங்கள் இங்கே தங்கலாம், சட்டவிரோத நாட்கள் ஏறாது. ஆனால் செப்டம்பர் 30க்குப் பிறகு கையில் எச்-4 தகுதி இருக்காது. நிலுவை தரும் பாதுகாப்பு மட்டும்தான் இருக்கும். ஒருவேளை நிராகரித்துவிட்டால் மறுநாளிலிருந்தே நாட்கள் எண்ணப்படும். 180 நாளைத் தாண்டி வெளியேறினால் 3 ஆண்டுத் தடை, ஓராண்டைத் தொட்டால் 10 ஆண்டு. கணவரின் நீட்டிப்பு கையில் இருப்பதால் நிராகரிக்க உங்கள் வழக்கில் காரணம் எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் கூடுதல் ஆவணம் கேட்டு வரும் கடிதத்தைத் தவறவிட்டாலே நிராகரிப்புதான். வீடு மாறினால் தபால் நிலையத்தில் மட்டும் சொன்னால் போதாது. அமெரிக்கக் குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ் தளத்தில் 10 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும், இரண்டு ரசீது எண்களையும் குறிப்பிட்டு.

வேலை: அக்டோபர் 1 அன்று ஒரு மணி நேரம்கூடக் கூடாது. பச்சை அட்டைக்கு ஐ-485 போட்டவர்களின் ஈஏடி ரசீதைக் காட்டினால் 180 நாள் தானாக நீளும். எச்-4 ஈஏடி வகையான சி26க்கு அந்தச் சலுகை இன்று கிடையாது. அலுவலக மனிதவளத் துறையில் தெரியாமல் "ரசீது இருக்கிறதே, தொடருங்கள்" என்று சொல்லக்கூடும். நம்பிவிடாதீர்கள், பாதிப்பு உங்கள் தலையில்தான் விழும். சம்பளமில்லா விடுப்பு தருவார்களா என்று இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

பயோமெட்ரிக்ஸ்: தாமதத்தின் வேரே இதுதான். 2019 மார்ச்சுக்கு முன் கணவரின் மனுவோடு சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் மூன்றும் ஒன்றாகவே முடிந்து வரும். அந்த மார்ச்சில் எச்-4க்கும் கைரேகை கட்டாயமானது. 2020 மார்ச் 18இல் அலுவலகங்களை மூடியபோது கைரேகை மையங்களும் மூடின, திறந்த பிறகும் ஆட்களை எண்ணித்தான் உள்ளே விட்டார்கள். கைரேகை பதியாமல் ஐ-539 நகராது. ஐ-539 முடியாமல் ஐ-765 நகராது. இந்த மே 17 முதல் எச்-4, எல்-2 (நிறுவன இடமாற்றத்தில் வந்த ஊழியரின் குடும்பம்), இ விசா வகைகளுக்குக் கைரேகையை 24 மாதங்களுக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அன்று நிலுவையில் இருந்து, கடிதமும் வராதவர்களுக்கும் இது பொருந்தும். அதாவது உங்களுக்கும். ஆகவே கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அதையும் மீறி ஒரு கடிதம் வந்தால் கண்டிப்பாகப் போய்விடுங்கள்.

இனிமேல் அனுப்பப் போகிறவர்கள் கவனிக்க: ஐ-539 கட்டணம் 370ஐயும் கைரேகைக் கட்டணம் 85ஐயும் கூட்டி 455 டாலருக்கு ஒரே காசோலை வைத்தால் முழு உறையும் திரும்பி வரும். 370க்கு மட்டும் எழுதுங்கள். உறை திரும்பி வருவதற்குள் ஐ-94 முடிந்துவிட்டால் பெரிய சிக்கல். இந்த ஜனவரியிலிருந்து ரசீது வரவே வாரக்கணக்கில் ஆகிறது, திருப்பி அனுப்பியதும் அவ்வளவு தாமதமாகத்தான் தெரியவரும்.

மூன்றாம்_டெர்மினல், ஜூன் 9, 2021

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் உங்களுக்குக் காத்திருப்பதை விட நல்ல வழி ஒன்று இருக்கிறது, அதற்குச் செப்டம்பர் 30 வரைதான் நேரம்.

உங்களுக்குத் தேவை புதிய ஐ-94. அதை யூஎஸ்சிஐஎஸ் மட்டும் தருவதில்லை, விமான நிலையத்தில் எல்லை அதிகாரியும் தருகிறார். விசா உயிரோடு இருக்கும்போதே வெளியே போய், கணவரின் புதிய ஐ-797ஐக் காட்டி உள்ளே வந்தால், 2024 வரை ஐ-94 கிடைக்கும். அந்த நிமிடமே எச்-4 நீட்டிப்பு முடிந்த மாதிரி. விசாவில் பழைய மனுவின் எண் இருப்பது பிரச்சினை இல்லை.

இந்தியா வேண்டாம் என்றே சொல்வேன். மே 4 முதல், கடந்த 14 நாளில் இந்தியாவில் இருந்தவர்கள் அமெரிக்காவுக்குள் வரத் தடை. அமெரிக்கக் குடிமகனான, 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளையின் பெற்றோருக்கு விலக்கு உண்டு, மகனால் உங்களுக்குப் பொருந்தும். அவனுடைய பிறப்புச் சான்றிதழும் அமெரிக்க பாஸ்போர்ட்டும் கையில் வேண்டும். விசா இருக்கும்போதே திரும்பினால் பிழைத்தீர்கள். விமானம் ரத்தாகியோ உடம்பு சரியில்லாமலோ தேதி தாண்டிவிட்டால் சென்னையில் ஸ்டாம்பிங்குக்கு வரிசை பிடிக்க வேண்டும். தூதரகங்கள் இப்போது அவசர வழக்குகளைத் தாண்டி அதிகம் எடுப்பதில்லை.

கனடா வெளிநாட்டவருக்கு மூடியிருக்கிறது. தரைவழி எல்லையும் அத்தியாவசியமற்ற பயணத்துக்கு மூடல். மிச்சம் மெக்சிகோ, விமானத்தில் மட்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி மெக்சிகோ விசா தேவையில்லை. திரும்பும் விமானம் ஏற, கிளம்புவதற்கு முந்தைய 3 நாளுக்குள் எடுத்த கோவிட் நெகடிவ் அறிக்கை கட்டாயம். பாசிட்டிவ் வந்தால் அங்கேயே தங்க வேண்டிவரும், அதனால் செப்டம்பர் கடைசி வாரத்தில் போகாதீர்கள். ஜூலை, ஆகஸ்ட்டே சரி.

கவுண்டரில் பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டினால் அதிகாரி விசாவில் உள்ள தேதியைப் பார்த்து செப்டம்பர் 30 என்றே பதிந்துவிடலாம். வாயைத் திறக்கும் முன் ஐ-797ஐ மேலே வைத்து, "கணவரின் மனு 2024 வரை" என்று சொல்லுங்கள். வெளியே வந்ததும் பெட்டி வருவதற்குள் எல்லை அதிகாரிகளின் துறையான சிபிபி தளத்தில் ஐ-94ஐ எடுத்துப் பாருங்கள். தவறு இருந்தால் அந்த விமான நிலையத்தின் டிஃபர்ட் இன்ஸ்பெக்ஷன் அலுவலகம் திருத்தித் தரும். மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் அலைச்சல்.

வெளியே போனால் நிலுவையில் உள்ள மனு செத்துவிடுமே என்ற பயம் எச்-1பியிலிருந்தோ மாணவர் தகுதியான எஃப்-1இலிருந்தோ எச்-4க்கு மாறுபவர்களுக்கு உரியது. அவர்கள் போகவே கூடாது, மாற்ற மனு கைவிடப்பட்டதாகிவிடும். உங்களுடையது நீட்டிப்பு. ஐ-765உம் பயணத்தால் ரத்தாகாது. திரும்பியதும் புதிய ஐ-94 நகலை ஐ-765 ரசீது எண்ணோடு அனுப்பி, அதன் அடிப்படையில் முடிவெடுக்கக் கேளுங்கள்.

கல்யாணச்சான்று, ஜூன் 9, 2021

பெயர் விஷயம் ஒன்று. நம் திருமணச் சான்றிதழில் முன்னெழுத்தோடு பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டில் அதே எழுத்து தகப்பனார் பெயராக விரிந்திருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு பத்தி விளக்கத்தை மனுவுடனே வைத்துவிட்டால், கூடுதல் ஆவணம் கேட்கும் கடிதம் ஒன்று குறையும். சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்போடு, மொழிபெயர்த்தவர் "இரு மொழியும் அறிவேன், இது முழுமையானது, சரியானது" என்று கையெழுத்திட்ட வரியும் வேண்டும். நோட்டரி தேவையில்லை.

பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் முழுப்பெயரும் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயரில் "எஃப்என்யூ" (முதற்பெயர் தெரியவில்லை) என்று நிற்கும். ஐ-94 தேடும்போது அப்படியே போட வேண்டும். "பதிவு இல்லை" என்று பதறுவோர் பலருக்கு இதுதான் காரணம்.

வைகைக்கரை, ஜூன் 10, 2021

எல்லோருக்கும் நன்றி. ஒன்றைச் சொல்லத் தவறிவிட்டேன், என் பாஸ்போர்ட் 2022 பிப்ரவரியில் முடிகிறது.

மூன்றாம்_டெர்மினல், ஜூன் 10, 2021

நல்லவேளை சொன்னீர்கள். அப்படியே போனால் ஐ-94 பிப்ரவரியோடு நின்றுவிடும். பாஸ்போர்ட் எந்த நாளில் முடிகிறதோ அதற்கு மேல் எல்லை அதிகாரி தேதி தருவதில்லை. 2024ஐ எதிர்பார்த்து ஐ-94ஐப் பார்க்காமலே விட்டு, தங்கும் காலம் முடிந்தது தெரியாமல் சிக்குபவர்கள் இந்த வகைதான்.

முதலில் புதுப்பியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் விண்ணப்பங்களை இங்கே இப்போது விஎஃப்எஸ் என்ற நிறுவனம் வாங்குகிறது. பழையது மூலை வெட்டி ரத்து முத்திரையோடு வரும்; விசாப் பக்கம் சேதமில்லாமல் இருந்தால் விசா செல்லும். அந்தப் பக்கத்தில் கத்தரி படவில்லையா என்று உறையைப் பிரித்தவுடன் பாருங்கள். பயணத்துக்கு இரண்டையும் ரப்பர் போட்டுக் கட்டி எடுத்துப் போங்கள். விமான நிறுவனத்தில் புதிய எண்ணைக் கொடுங்கள். பாஸ்போர்ட் கைக்கு வராமல் டிக்கெட் வாங்க வேண்டாம்.

தாள்கட்டு, ஜூன் 10, 2021

உரிமக் கேள்வி விடுபட்டுவிட்டது. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் ஐ-539 ரசீதைக் காட்டினால் தற்காலிக நீட்டிப்பு தருவார்கள், சில இடங்களில் ஒப்புதல் வந்தால்தான். எங்கானாலும் மத்திய அரசின் சேவ் முறையில் உங்கள் பதிவைச் சரிபார்ப்பார்கள். உடனே பதில் வராவிட்டால் கூடுதல் சரிபார்ப்புக்குப் போகும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். உரிமம் முடிய ஒரு மாதம் முன்பே போங்கள்.

பயணம் முடியாவிட்டால்: துரித முடிவு கேட்கலாம், ஆனால் "வேலை போய்விடும்" என்ற ஒற்றை வரி எடுபடாது. நிறுவனத்துக்குப் பெரும் நட்டம் வரும் என்று அவர்கள் தரும் கடிதம், உங்கள் வீட்டுக் கடன், மருத்துவச் செலவு ஆவணங்கள் வேண்டும். அடுத்து உங்கள் தொகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினரின் அலுவலகம். நீங்கள் குடியுரிமை பெறாதவர் என்பது அங்கே தடையில்லை. தனியுரிமை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அவர்கள் விசாரிப்பார்கள். முடிவை மாற்ற முடியாது. தூங்கும் கோப்பைச் சில நேரம் எழுப்பும்.

தாள்கட்டு, நவம்பர் 16, 2021

பழைய இழையை மேலே கொண்டுவரக் காரணம் இருக்கிறது. நான் ஜூனில் வேலை பற்றி எழுதியது இனி முழுதும் பொருந்தாது. நவம்பர் 10 அன்று எட்டிய வழக்குச் சமரசத்தைத் தொடர்ந்து யூஎஸ்சிஐஎஸ் 12ஆம் தேதி விதியை மாற்றியது. எல்-2 மனைவி அல்லது கணவருக்கு ஈஏடி இல்லாமலே வேலை உரிமை. எச்-4க்கு ஈஏடி புதுப்பிப்பை அட்டை முடியும் முன்பே போட்டிருந்தால் 180 நாள் தானாக நீளும். ஆனால் ஐ-94 எந்த நாளில் முடிகிறதோ அதோடு அதுவும் முடியும்.

ஐ-94உம் ஈஏடியும் ஒரே நாளில் முடிந்தவர்களுக்கு இதனால் ஒரு நாள்கூடக் கிடைக்காது. பயணம் செய்து 2024 வரை ஐ-94 வாங்கியவர்களுக்குத்தான் லாபம். செப்டம்பர் 30இல் அட்டை முடிந்திருந்தால் 2022 மார்ச் 29 வரை கணக்கு. அதற்குள் ஐ-765இல் முடிவு வந்தால் அன்றோடு அது நிற்கும்.

மனிதவளத் துறையில் வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்குக் காட்ட வேண்டியவை மூன்று: முடிந்துபோன ஈஏடி அட்டை, சி26 என்று குறிப்பிட்ட ஐ-765 ரசீது, எச்-4 என்றும் முடியாத தேதியும் காட்டும் ஐ-94 அச்சு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.