மருந்தடிக்கறப்ப விஷம் ஏறிட்டா ஆஸ்பத்திரி போறதுக்குள்ள என்ன செய்யணும்?

மஞ்சக்காடு, கோபி:
வணக்கமுங்க. பருத்திக்குப் புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்து அடிக்கறப்ப டேங்கு ஒழுகி முதுகெல்லாம் நனைஞ்சு, தலைசுத்தும் வாந்தியும் வந்தா ஒருத்தர் மோர் குடுங்கறாரு, இன்னொருத்தர் உப்புத்தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைங்கறாரு. எதுங்க சரி? ரெண்டு நாள்ல எந்திரிச்சு உட்கார்ந்த ஆளையும் ஏனுங்க விடாம வெச்சுக்கறாங்க?

அவசரப் பிரிவு மருத்துவர், ஈரோடு:
ரெண்டுமே வேண்டாமுங்க. இந்த மருந்துல நினைவு திடீர்னு தப்பும். அப்ப வாந்தி நுரையீரலுக்குள்ள போயிரும். இ.சி.ன்னு போட்டிருக்கற, தண்ணியில கலக்கற எண்ணெய்ப்பத மருந்துகள்ல இருக்கற கரைப்பானும் கூடவே போனா நிமோனியா வரும்.

நீங்க சொல்றதுல விஷம் வயித்துல இல்லை, தோல்ல இருக்கு. முதல்ல ஆளைக் காட்டை விட்டு வெளிய கொண்டுவந்து, 108-க்குச் சொல்லுங்க. வண்டி வர்றதுக்குள்ள சட்டை, வேட்டி, உள்துணி, அரைஞாண் கயிறு எல்லாத்தையும் கழட்டி ஒரு பையில கட்டிருங்க. சோப்புப் போட்டு 15 நிமிஷமாச்சும் ஓடற தண்ணியில கழுவுங்க: தலைமுடி, காதுக்குப் பின்னாடி, அக்குள், தொடையிடுக்கு, நகத்தடி. அழுத்தித் தேய்க்காதீங்க, வெந்நீர் ஊத்தாதீங்க. தொட்டியில இறக்கவும் கூடாது, அந்தத் தண்ணியிலயே விஷம் நிக்கும். கழுவறவரு ரப்பர் கையுறை போட்டுக்கணும், இல்லீன்னா பிளாஸ்டிக் பையாவது கையில சுத்திக்கணும். கண்ணுல பட்டா தனியா 15 நிமிஷம் தண்ணி விடுங்க. நினைவு தப்பினா இடதுபக்கமாச் சாய்ச்சுப் படுக்க வைங்க. மூச்சு இரைச்சா, குளிப்பாட்டறதுக்காகப் பயணத்தை நிறுத்தாதீங்க.

வெயில் மயக்கம்னு நினைச்சு நிழல்ல படுக்க வெச்சுட்டு விட்டுடறதுதான் பெரிய தப்பு. கண்மணி ஊசிமுனையாச் சுருங்கி, எச்சிலும் கண்ணீரும் வழிஞ்சு, சதை துடிச்சா அது வெயில் இல்லீங்க.

ஐ.சி.யூ. செவிலியர், கோயம்புத்தூர்:
ஆஸ்பத்திரியில நடக்கறதையும் சொல்லிடறேன், சொந்தக்காரங்க பதறாம இருக்கலாம். இந்த விஷத்துக்கு முறிவு மருந்து அட்ரோபின் ஊசி. அது ஒரு ஆம்பூல் (சின்னக் கண்ணாடிக் குப்பி) 0.6 மி.கி. பெரியவங்களுக்கு 3 முதல் 5 ஆம்பூல்ல ஆரம்பிச்சு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா பார்த்து, போதலைன்னா அளவை இரட்டிப்பாக்குவாங்க. நெஞ்சுல சளி இரைச்சல் போகணும், நாடி 80-க்கு மேல வரணும், ரத்த அழுத்தத்தோட மேல் அளவும் 80-ஐத் தாண்டணும். கண்மணி விரிஞ்சிருச்சேன்னு மட்டும் பார்த்து நிறுத்தினா நெஞ்சு திரும்ப நிரம்பிரும். சரியானதும், அதுவரை குடுத்த மொத்தத்துல 10–20 சதவீதம் மணிக்கு மணி டிரிப்புல போகும். உளறல், காய்ச்சல், வயிறு ஓசையில்லாமப் போறது இதெல்லாம் வந்தா அளவு மிஞ்சிருச்சுன்னு டிரிப்பை நிறுத்தி, அடங்கினதும் குறைச்சு ஓட்டுவாங்க.

ரெண்டாவது கேள்விக்கு: 24 மணி நேரத்துலயிருந்து நாலு நாளுக்குள்ள கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளரலாம். அதை அட்ரோபின் தடுக்காது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுவோம். தூக்க முடியலைன்னா வென்டிலேட்டர் பக்கத்துல தயாரா இருக்கணும். அந்த நேரத்துல "நல்லாத்தானே இருக்காரு"ன்னு கூட்டிட்டுப் போயிடாதீங்க.

மஞ்சக்காடு, கோபி:
ரொம்ப நன்றிங்க. லாம்ப்டா, சைபர்மெத்ரின் மாதிரி மருந்துக்கும் இதே வைத்தியமுங்களா?

வேளாண் அலுவலர், பல்லடம்:
அது பைரித்ராய்டுங்கற வேற வகைப் பூச்சிமருந்துங்க. முகத்துல பட்டா எரியும், மதமதன்னு இருக்கும். பெரும்பாலும் ஒரு நாள்ல அடங்கிரும். அதுக்குன்னு முறிவு மருந்து கிடையாது. ஆனா புரோபனோபாஸ் 40, சைபர்மெத்ரின் 4 சதவீதம்னு ஒண்ணாக் கலந்து வர்ற டப்பாவும் இருக்கு. அதை புரோபனோபாஸ் விஷமாத்தான் பார்க்கணும். டேங்குல ரெண்டு மூணு மருந்து கலக்கறது நம்ம பக்கம் வழக்கம். அதனால அத்தனை டப்பாவையும் லேபிளோட கொண்டுபோங்க. லேபிள்ல முறிவு மருந்தே எழுதியிருக்கும். விஷத்தோட கடுமையைக் காட்டற முக்கோணம் சிவப்பா, மஞ்சளாங்கறதும் டாக்டருக்கு உதவும்.

அவசரப் பிரிவு மருத்துவர், ஈரோடு:
இன்னொண்ணு. வீட்டுக்கு வந்ததும் அடுத்த வாரமே டேங்கைத் தூக்க விடாதீங்க. ரத்தச் சிவப்பணுவுல இருக்கற, இந்த விஷம் முடக்கிப்போடற கோலின்எஸ்டரேஸ்ங்கற நொதி தேற வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல ஆகும். அதுக்குள்ள கொஞ்சம் மருந்து பட்டாலும் ஆள் விழுந்துருவாரு. ரத்தத்துல அளவு பார்த்துட்டு அனுப்புங்க. அந்த ஒழுகற டேங்கோட வாஷரையும் முதல்ல மாத்திருங்க.