பித்தநாளத்தில் 12 மி.மீ. கட்டி: நியூரோமாவா, புற்றா?

வணக்கம். இது நியூரோமாவா (அறுவையில் வெட்டுப்பட்ட நரம்பு முனையில் வளரும், புற்றல்லாத கட்டி), புற்றா என்று முடிவுசெய்ய முடியவில்லை. நோயாளிக்கு வயது 58. பித்தப்பை அகற்றி 7 ஆண்டுகள். வலியில்லாத மஞ்சள் காமாலை, ஒரு மாதமாக அரிப்பு. எடை குறையவில்லை. ரத்தத்தில் மொத்த பிலிருபின் (காமாலையை உண்டாக்கும் நிறமி) 9.2.

எம்ஆர்சிபியில் (பித்தநாளங்களின் எம்ஆர்ஐ படம்) பொதுப் பித்தநாளத்தின் நடுவில், பித்தப்பை அறுவையில் போட்ட பழைய கிளிப்புகளுக்கு அருகே, 12 மி.மீ. கட்டி, அதற்கு மேல் நாளம் நன்றாக விரிந்திருக்கிறது. நிணநீர்க் கட்டி இல்லை, கல்லீரல் சுத்தம். இந்தப் படங்கள் பித்தம் வடிய ஸ்டென்ட் (சிறு குழாய்) வைப்பதற்கு முன்பே எடுத்தவை, அதனால் ஸ்டென்ட் அழற்சியில் சுவர் தடித்துக் காட்டியது என்று ஒதுக்க முடியாது.

ஈஆர்சிபியில் (வாய்வழி எண்டோஸ்கோப் மூலம் பித்தநாளத்தை அணுகும் முறை) எடுத்த பிரஷ் சைட்டாலஜியில் (தூரிகையால் சுரண்டிய செல்களின் சோதனை) புற்றணு இல்லை. சிஏ 19-9 (புற்றிலும் பித்த அடைப்பிலும் உயரும் ரத்தக் குறியீடு) முதலில் 210, பித்தம் வடிந்தபின் 44. ரத்தத்தில் ஐஜிஜி4 என்ற எதிர்ப்புரதம் இயல்பு (அது மட்டும் ஐஜிஜி4 நோயை, அதாவது புற்றைப் போலவே தோன்றும் நோயெதிர்ப்பு அழற்சியை, விலக்கிவிடாது). கோலாஞ்சியோஸ்கோப்பியில் (பித்தநாளத்துக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) கட்டியின் மேற்பரப்பு வழவழப்பாக, கோணல்மாணலான ரத்தக்குழாய்கள் இல்லாமல் இருந்தது. அப்போது சிறிய இடுக்கியால் எடுத்த பயாப்சியில் (திசுச் சோதனை) வெறும் நார்த்திசுவும் அழற்சியும்தான். எனக்கு இதில் நிம்மதி இல்லை: நியூரோமா சளிச்சவ்வுக்கு அடியில் வளர்வது, சிறிய இடுக்கி அங்கே எட்டாது, நார்த்திசு மிகுந்த புற்றும் இதே மாதிரி நழுவிவிடும்.

எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் வழியாக ஊசி பயாப்சி இன்னும் செய்யவில்லை. புற்றாக இருந்தால் ஊசிப் பாதையில் பரவுமோ என்று அறுவை சிகிச்சைக் குழு தயங்குகிறது. எஸ்100 சாயம் (நரம்புத் திசுவைக் காட்டுவது) போடுமளவு திசு கிடைத்தால் நியூரோமாவா என்பது தெளிவாகிவிடும்.

இந்த நிலையில் ஊசி பயாப்சிக்குப் போவீர்களா, அல்லது நேராக நாளத்தை வெட்டியெடுத்து, ஃப்ரோசன் செக்‌ஷன் (அறுவையின்போதே திசுவை உறையவைத்துச் செய்யும் உடனடிச் சோதனை) பார்த்து, அங்கேயே குடலோடு இணைத்துவிடுவீர்களா?