சீனாவில் இவ்வளவு பணம் இருந்தும் விலைவாசி ஏன் ஏறவில்லை?

கேள்வி

வங்கித் தேர்வுக்குப் படித்துவரும் எனக்கு ஓர் ஐயம். 2024ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் எம்2 பண அளிப்பு (மக்கள் கையிலுள்ள பணமும் வங்கி வைப்புகளும் சேர்ந்த தொகை) சுமார் 313 லட்சம் கோடி யுவான். அவ்வாண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியோ சுமார் 135 லட்சம் கோடி யுவான்தான். உற்பத்தியைப் போல் இரண்டே கால் மடங்குக்கும் மேலாகப் பணம் இருக்கிறது. அமெரிக்காவில் இவ்விகிதம் முக்கால் பங்கை ஒட்டியே நிற்கிறது. பணம் பெருகினால் விலை ஏறும் என்று ஃபிஷரின் சமன்பாட்டை (பண அளவு × சுழற்சி வேகம் = விலை × உற்பத்தி) வைத்துப் படித்தோம். ஆனால் அவ்வாண்டில் சீனாவின் நுகர்வோர் விலை உயர்வு வெறும் 0.2 விழுக்காடு. பிழை எங்கே?

மறுமொழி 1

பிழை சமன்பாட்டில் இல்லை. பணத்தின் சுழற்சி வேகம் மாறாதது என்று எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. நீங்கள் சொல்லும் விகிதத்தைத் தலைகீழாக்கினால் கிடைப்பதே அந்த வேகம். சீனாவில் ஓராண்டு உற்பத்தியை வாங்குவதற்காக ஒரு யுவான் சராசரியாக அரை முறைகூடக் கைமாறுவதில்லை. எம்2 என்பது சட்டைப்பையில் உள்ள பணத்தாள் மட்டுமன்று, நிரந்தர வைப்புகளும் சேர்ந்தது. சீனாவின் மொத்தச் சேமிப்பு உற்பத்தியில் 40 விழுக்காட்டைத் தாண்டுகிறது. தனிநபர் ஆண்டுக்கு 50,000 டாலர் வரை மட்டுமே அந்நியச் செலாவணி வாங்க முடியும் என்பதால், அச்சேமிப்பின் பெரும்பகுதி உள்நாட்டு வங்கிகளிலேயே தங்கிவிடுகிறது. அமெரிக்கக் குடும்பங்களோ பங்குகளிலும் ஓய்வூதியக் கணக்குகளிலும் பெரும்பங்கைச் சேர்க்கின்றன. அவை எம்2 கணக்கில் வாரா.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. ஆனால் கடன் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வங்கி கடன் கொடுக்கும்போதே வாங்கியவர் கணக்கில் புதிய வைப்பு பிறக்கிறது. 2008 நவம்பரில் சீன அரசு 4 லட்சம் கோடி யுவான் ஊக்கத் திட்டத்தை அறிவித்த பின் வங்கிக் கடன் வெள்ளமாகப் பாய்ந்தது. அதில் பெரும்பங்கு நிலத்திலும் கட்டடங்களிலும் போய்ச் சேர்ந்தது. கட்டுமானம் உற்பத்திக் கணக்கில் வரும். நிலமும் பழைய வீடும் கைமாறும் விலை வராது. ஆகவே பணம் பெருகிய அளவுக்கு உற்பத்தி பெருகவில்லை. பணப் பெருக்கத்தால் வந்த விலை உயர்வை அரிசியிலும் பன்றி இறைச்சியிலும் தேடிப் பயனில்லை, ஷாங்காய் அடுக்குமாடிகளில் தேட வேண்டும். 2021இல் எவர்கிராண்ட் என்னும் பெரிய வீடுகட்டும் நிறுவனம் கடனைத் திருப்பித் தர இயலாமல் வீழ்ந்தபின் அந்த விலைகளும் சரிந்தன.

இன்னொன்று: 1 லட்சம் டாலரும் அதற்கு மேலும் உள்ள நிரந்தர வைப்புகளை அமெரிக்கா எம்2-இல் சேர்ப்பதில்லை, சீனாவோ வங்கியல்லாத நிதி நிறுவனங்களின் வைப்புகளையும் சேர்க்கிறது. இரு எண்களையும் அப்படியே அருகருகே வைத்து ஒப்பிடுவது சரியாகாது.

கேள்வி கேட்டவர்

நன்றி. அப்படியானால் விகிதம் குறைவாக உள்ள நாட்டில் பணவீக்கமும் குறைவு என்றாவது கொள்ளலாமா?

மறுமொழி 1

பெரும்பாலும் நேர்மாறு. அர்ஜென்டினாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 டிசம்பரில் அங்கே வங்கியிலிருந்து பணம் எடுப்பதற்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. அடுத்த ஆண்டு டாலர் வைப்புகளைக் கட்டாயமாகப் பெசோவாக மாற்றியது. அந்த அடியை மக்கள் மறக்கவில்லை. இன்றும் சேமிப்பை டாலர் தாளாக வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் ஏராளம். 2023இல் ஆண்டுப் பணவீக்கம் 211 விழுக்காட்டைத் தொட்டது. கையில் வந்த பெசோவை அன்றைக்கே செலவழித்துவிட எல்லோரும் முனைந்தால், அச்சிடும் வேகத்தையும் மிஞ்சி விலை ஓடும், விகிதம் சுருங்கும்.