தமிழ்ப் பட்டியலைப் பைத்தான் படிக்க மறுக்கிறது, உடனே உதவுங்கள்

ஏட்டுக்கட்டு (காலை 10.12)
எங்கள் ஊர் நூலகத்தின் புத்தகப் பட்டியலைப் படிக்கப் பைத்தான் நிரல்மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதினேன். வீட்டில் நன்றாக ஓடியது. நூலகக் கணினியில் ஓட்டினால் ‘சார்மேப்’ என்று தொடங்கி, 8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை, நிலை 11 என்று சொல்லி நின்றுவிடுகிறது. நோட்பேடில் திறந்தால் தமிழ் அழகாகத் தெரிகிறது. மாலை 4 மணிக்குள் பட்டியலை அச்சிட்டுத் தர வேண்டும்.

கயல் (10.20)
எந்த இயங்குதளம்? பைத்தானின் எந்தப் பதிப்பு? கோப்பைத் திறக்கும் வரியை அப்படியே இங்கே இடுங்கள்.

தறிக்காரன் (10.26)
எழுத்துருதான் காரணம். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகளோடு நான் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறேன். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

நீலமலை (10.31)
விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் உருவாக்கிய கோப்பா? அதன் 5.1 பதிப்பில் அம்புக்குறி போட்டுக் கோப்புக்குத் திருப்பினால் யுடிஎஃப்-16 என்ற குறியேற்றத்தில்தான் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) எழுதும். என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது அது.

முன்னோடி (10.40)
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் வர வேண்டும். கோப்பைத் திறக்கும்போது குறியேற்றத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது அரிச்சுவடிப் பாடம்.

ஏட்டுக்கட்டு (10.52)
நூலகத்தில் விண்டோஸ் 10, பைத்தான் 3.11. வீட்டில் லினக்ஸ். திறக்கும் வரியில் கோப்பின் பெயர் மட்டுமே இருக்கிறது. எக்செலிலிருந்து சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பாகச் சேமித்தேன். முதல் வரி: எண், தலைப்பு, ஆசிரியர்.

செம்மண் (10.58)
குறியேற்றம் லத்தீன்-1 என்று கொடுத்துப் பாருங்கள். பிழை போய்விடும்.

பனையோலை (11.15)
செம்மண், தயவுசெய்து இந்த ஆலோசனையை யாருக்கும் தராதீர்கள். பிழைதான் போகும், தமிழும் கூடவே போய்விடும். லத்தீன்-1 ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாக எடுத்துக்கொள்வதால், ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று குப்பைக் குறிகளாகிவிடும். அதை அப்படியே சேமித்தால் நூலகத்தில் யாராலும் படிக்க முடியாத பட்டியல்தான் மிஞ்சும்.

ஏட்டுக்கட்டு, நீங்கள் தந்த பிழைச் செய்தியிலேயே விடை இருக்கிறது. 8டி என்பது பதினாறை அடிப்படையாக வைத்து எழுதிய எண், நம் வழக்கமான எண்ணில் 141. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். புள்ளிக்குரியவை 224, 175, 141. குறியேற்றத்தைச் சொல்லாவிட்டால், விண்டோஸில் பைத்தான் 3.11 அந்தக் கணினியின் பழைய கோட்பேஜை, அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையை எடுத்துக்கொள்கிறது. நம் ஊர்க் கணினிகளில் அது பெரும்பாலும் 1252, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. அந்த அட்டவணையில் ஐந்து கட்டங்கள் காலி. 141ஆம் கட்டம் அவற்றில் ஒன்று. ஆகவே உங்கள் நிரல் முதல் மெய்யெழுத்தின் புள்ளியிலேயே தடுக்கி விழுந்திருக்கிறது. லினக்ஸில் யுடிஎஃப்-8தான் இயல்பு என்பதால் வீட்டில் ஓடியது.

இன்னொன்றும் கவனியுங்கள். முதல் சொல் ‘எண்’. எ, ண, புள்ளி, ஆக ஒன்பது பைட். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 141 நிற்க வேண்டிய இடம் 8. உங்கள் செய்தியோ 11 என்கிறது. முன்னால் மூன்று பைட் கூடுதலாக ஒட்டியிருக்கிறது. எக்செலின் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ வகையில் சேமித்திருப்பீர்கள். அது கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற அடையாளத்தை வைக்கும். வெறும் யுடிஎஃப்-8 என்று கொடுத்தால் கோப்பு திறக்கும், ஆனால் அந்த அடையாளம் ‘எண்’ணோடு ஒட்டிக்கொண்டு, அப்படியொரு நெடுவரிசையே இல்லை என்று அடுத்த பிழை வரும். யுடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். கடைசியில் எஸ், ஐ, ஜி.

தறிக்காரன் (11.24)
அப்படியானால் பாமினி இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

முன்னோடி (11.30)
நான் ஒரே வரியில் சொன்னதைத்தான் இவ்வளவு நீட்டியிருக்கிறார்.

கயல் (11.41)
நீங்கள் சொன்ன வரி அவரை அடுத்த பிழையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். அரிச்சுவடிப் பாடம் என்று பயனர் தலையில் ஏன் போடுகிறீர்கள்? ருசிய மொழிக்கு 1251, கிரேக்கத்துக்கு 1253, தாய்லாந்து மொழிக்கு 874 என்று கோட்பேஜ் இருந்தது. தமிழுக்கு அப்படி ஒன்றை விண்டோஸ் இயல்பாக வைத்ததே இல்லை. ஆகவே பழைய இயல்பு எதுவானாலும் நமக்குப் பிழைதான். ஜாவா நிரல்மொழி 2022இல் 18ஆம் பதிப்பிலேயே யுடிஎஃப்-8ஐ இயல்பாக்கிவிட்டது. பைத்தானோ அதை 3.15ஆம் பதிப்பு வரை தள்ளிப்போட்டது.

முன்னோடி (11.55)
இயல்பை ஒரே நாளில் மாற்றினால், 1252இல் எழுதிவைத்த கோப்புகளை நம்பி ஓடும் நிரல்கள் உடையும். 3.7இலேயே யுடிஎஃப்-8 முறையை விருப்பத் தேர்வாகத் தந்தார்கள். 3.10இல் எச்சரிக்கையும் வந்தது. பொறுப்பான வழி அதுதான்.

கயல் (12.03)
அந்த எச்சரிக்கையை நாமாக இயக்கினால்தான் வரும். சிக்கலே தெரியாதவர் அதை எப்படி இயக்குவார்? பழைய கோப்பு வைத்திருப்பவர் ‘1252’ என்று எழுதிக்கொள்ளட்டும். தாய்மொழியில் எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் அனுமதிச் சீட்டு நீட்ட வேண்டியதில்லை.

நீலமலை (12.10)
விண்டோஸ் அமைப்புகளில் உலகெங்கும் யுடிஎஃப்-8 என்று ஒரு சோதனைத் தேர்வு இருக்கிறதே, அதை இயக்கினால் போதாதா?

பனையோலை (12.18)
நூலகக் கணினியில் வேண்டாம். அது கணினி முழுவதையும் மாற்றும், பழைய மென்பொருள்கள் தடுமாறலாம். பைத்தானுக்கு மட்டும் வேண்டுமென்றால் அதன் யுடிஎஃப்-8 முறைக்குரிய சூழல் மாறிக்கு (நிரலுக்கு வெளியே கணினியில் வைக்கும் அமைப்பு) 1 என்று மதிப்புக் கொடுங்கள். ஆனாலும் வரியிலேயே எழுதுவதுதான் நல்லது. நிரல் வேறு கணினிக்குப் போகும்போது சூழல் மாறி கூடப் போகாது.

ஏட்டுக்கட்டு (பிற்பகல் 3.35)
சிக் சேர்த்தேன், ஓடிவிட்டது. அச்சாகிக்கொண்டிருக்கிறது. பனையோலைக்கு நன்றி.

செம்மண் (3.50)
எழுதும்போதும் இதே பெயரைத்தான் கொடுக்க வேண்டுமா?

பனையோலை (4.02)
எக்செலில் நேரடியாகத் திறக்கப்போகிறீர்கள் என்றால் ஆம். அந்த மூன்று பைட் இல்லாவிட்டால் எக்செல் பழைய கோட்பேஜ் என்று எடுத்துக்கொண்டு தமிழைச் சிதைத்துக் காட்டும். வேறு நிரலுக்குக் கொடுப்பதென்றால் வெறும் யுடிஎஃப்-8 போதும்.